குருக்கள்மடத்து மணலும் உலக நீதியும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை நோக்கித் தெற்கே செல்லும் பெருவீதி, காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம் முதலிய ஊர்களைக் கடந்து எமது குருக்கள்மடத்தை அடைகின்றது. மேற்கே வாவி, கிழக்கே கடல், இரண்டுக்குமிடையே ஒடுங்கிய மணல் நிலம். வாவிக்கரையில் அம்பிளாந்துறைக்குச் செல்லும் ஓடத்துறை உண்டு. ஊர்ப்பெயரின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுந்தேனல்லேன். ஆயினும் மடம் என்னுஞ் சொல்லுக்கு வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறும் இடம் என்றும் ஒரு பொருள் உண்டென்பதைத் தமிழ் படித்தவர் அறிவர். அப்பொருளை வகுப்பிற் சொல்லும்பொழுதெல்லாம் சில ஆண்டுகளாக என் நாத் தடுமாறுகின்றது. அதற்குரிய காரணமே இக்கட்டுரையின் பொருள்.

1990ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்தியப் படை இலங்கையை விட்டு நீங்கிற்று. ஜூன் மாதத்தில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டது. அடுத்த மாதம் 12ஆம் நாள், கல்முனைப் பக்கத்திலிருந்து காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் மக்கள் குருக்கள்மடத்தில் வழிமறிக்கப்பட்டு, வாகனங்களினின்றும் இறக்கப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் வீடு சேரவில்லை. கொன்று கடற்கரை மணலிலே புதைக்கப்பட்டனர் என்பது உறவினர் கூற்று. அக்காலத்தில் இப்பகுதியைத் தம் பிடியில் வைத்திருந்த விடுதலைப் புலிகளே இதனைச் செய்தனர் என்று மனித உரிமை அறிக்கைகள் உரைக்கின்றன. இறந்தோர் 60க்கு மேல் என்பார் சிலர். 160க்கு மேல் என்பார் வேறு சிலர். இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனியுங்கள். நூறு உயிர் ஒரு கணக்கில் உண்டு. மற்றொரு கணக்கில் இல்லை. மண் திறக்கப்படாத இடத்தில் எண்கள் இவ்வாறுதான் நிற்கும்.

அன்று நான் ஊரில் இருக்கவில்லை. ஆதலாற் கண்டதாக யாதும் எழுதுகின்றேனல்லேன். சட்டத்தரணியுமல்லேன், தமிழாசிரியன். நூலைப் படிக்கின்ற முறையிலேயே சட்டங்களையும் படித்துப் பார்த்தேன்.

2014இல், களுவாஞ்சிகுடி நீதவான் நீதிமன்றத்தில் இப்புதைகுழியைத் தோண்டுதற்குக் கட்டளை பிறந்தது. குறித்த நாள் வந்தது, தோண்டுதல் பிற்போடப்பட்டது, பின்னர் அப்பேச்சே அடங்கிப்போயிற்று. 2025இல் அதே நீதிமன்றத்தில் விவகாரம் மீண்டும் எழுந்து, நீதவான் அவ்விடத்தை நேரிற் பார்வையிட்டார். அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணத்துச் செம்மணியிலும் அகழ்வு நடந்தது. அங்கே இருநூற்றுக்கு மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஆசிரியர் கூடுமிடங்களிற் செம்மணியைப் பற்றிப் பேசாத நாளில்லை. சிறு குழந்தையின் எலும்பைக் குறித்துப் பேசுகையில் கண் கலங்காதாரில்லை. அது தக்கதே. ஆனால் குருக்கள்மடம் என்னும் பெயர் பத்திரிகையில் வந்த நாளில், அப்பக்கம் மெல்லப் புரட்டப்பட்டதையும் கண்டேன். புரட்டியவருள் நானும் ஒருவன்.

செம்மணிக்காக நாம் உலகத்தின்முன் எந்தச் சட்டத்தை எடுத்தோதுகின்றோமோ, அந்தச் சட்டத்தில் குருக்கள்மடத்துக்கு விலக்கு உண்டா? இவ்வினாவே என்னைச் சட்டப் புத்தகங்களிடம் அனுப்பிற்று.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குவோம். மாணவர் பலர் ஹேக் நகரத்து நீதிமன்றம் என்று ஒன்றையே எண்ணுகின்றனர். அங்கே இரண்டு உள. ஒன்று ஐக்கிய நாடுகளின் சாசனத்தோடு தோன்றிய சர்வதேச நீதிமன்றம். அது நாட்டுக்கும் நாட்டுக்குமிடையிலுள்ள வழக்கைக் கேட்பது. தனி மனிதனைக் கூண்டில் ஏற்றுவதன்று. மற்றையது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம். 1998இல் றோம் நகரில் இயற்றப்பட்ட உடன்படிக்கையால் அமைந்து, 2002ஆம் ஆண்டு ஜூலை முதலாம் நாள் தொடக்கம் செயற்படுவது. தனி மனிதரை விசாரிப்பது இதுவே. ஆனால் அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றத்தை அது தொடாது. இலங்கை அவ்வுடன்படிக்கையில் இணையவுமில்லை. எனவே 1990ஆம் ஆண்டின் ஜூலை மாதம் அந்நீதிமன்றத்தின் வாயிலுக்கு வெளியே நிற்கின்றது.

ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை உண்டே என்பீர்கள். 2014இற் கேட்டு, 2015இல் வெளிவந்த ஐக்கிய நாடுகள் விசாரணை அறிக்கை, 2002 பெப்ரவரி தொடக்கம் 2011 நவம்பர் வரையுள்ள காலத்தையே தனக்கு எல்லையாகக் கொண்டது. அந்த எல்லைக்குள் எமது கிழக்கு மாகாணத்தின் 1990 அடங்காது. அவ்வாண்டிலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் ஆகஸ்டு 3ஆம் நாள் தொழுதுகொண்டிருந்தோர் சுடப்பட்டனர். ஏறாவூரில் முஸ்லிம்கள் இரவில் வெட்டுண்டனர். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளவில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டு மீளவில்லை. சத்துருக்கொண்டானிற் செப்டெம்பர் 9ஆம் நாள் குழந்தைகளும் முதியோருமாகத் தமிழர் நூற்றெண்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மூன்று மாதத்துள் இத்தனை. உலக நீதியின் ஏட்டிலே இம்மூன்று மாதமும் எழுதப்படாத பக்கங்கள்.

ஆயின் அக்காலத்தில் உலகச் சட்டமே இருக்கவில்லையா? இருந்தது. 1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவாகிய மூன்றாம் உறுப்புரை, உள்நாட்டுப் போரிலும் படைக்கலம் ஏந்தாதாரைக் கொல்லலாகாது என்று விதிக்கின்றது. அவ்விதி போரிடும் ஒவ்வொரு தரப்பையும் கட்டுப்படுத்துவது, அரசை மாத்திரமன்று. இலங்கை இவ்வுடன்படிக்கைகளை 1959இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே அந்நாளிலே துவக்கேந்தி வீதியில் நின்றவர் எவராயினும், பயணம் செய்த வணிகனையும் முதியவனையும் தொடுதற்கு அவருக்கு உரிமை இருக்கவில்லை.

விதி இருந்தது, விதியை மீறிய தனிமனிதனுக்குச் சர்வதேசத் தண்டனை உண்டா என்பதே அக்காலத்தில் தெளியாதிருந்த வினா. நூரம்பேர்க் விசாரணை நாடுகளுக்கிடையே நிகழ்ந்த பெரும்போரைப் பற்றியது. உள்நாட்டுப் போரிற் செய்யப்படும் கொடுமைக்கும் தனிமனிதன் சர்வதேசச் சட்டத்தின்கீழ்ப் பொறுப்பாளி என்பதை, யூகோசிலாவியாவுக்கென அமைக்கப்பட்ட தீர்ப்பாயத்தின் மேன்முறையீட்டுக் குழாம் 1995 ஒக்டோபரில் தாதிச் என்பானுடைய வழக்கிலே நிறுவிற்று. குருக்கள்மடத்துக்கு ஐந்தாண்டு பிந்தி அது வந்தது. செய்த நாளிற் குற்றமல்லாததைப் பின்னாளிற் குற்றமென்று தண்டித்தல் முறையன்று என்பதும் ஒரு மூத்த நீதி. அதனையும் எளிதிற் கைவிடலாகாது.

இந்த முடிச்சை எங்கே அவிழ்ப்பது என்று தேடியபொழுது, எமது நாட்டு அரசியலமைப்பிலேயே ஓர் இழை கிடைத்தது. 1978ஆம் ஆண்டின் யாப்பில் 13(6)ஆம் உறுப்புரை, பின்னிட்டு இயற்றிய சட்டத்தால் எவரையும் தண்டிக்கலாகாது என்று முதலிற் சொல்லுகின்றது. உடனே அடுத்த வாக்கியத்தில், ஒரு செயல் நிகழ்ந்த காலத்தில் நாடுகளின் சமுதாயம் ஏற்றுக்கொண்ட பொதுச் சட்டக் கோட்பாடுகளின்படி அது குற்றமாயிருந்தால், அதனை விசாரித்துத் தண்டிப்பதற்கு இவ்வுறுப்புரை தடையாகாது என்ற கருத்தையும் வைத்திருக்கின்றது. எதிர்பாராத இடத்தில் ஒரு வாயிலைத் திறந்துவைத்திருக்கின்றார் யாப்பை எழுதியவர். மனித குலத்துக்கெதிரான குற்றம் நூரம்பேர்க் காலம் முதலாகவே உலகம் ஒப்பிய குற்றமன்றோ? நாடாளுமன்றம் அதற்கெனத் தனிச்சட்டம் இயற்றுமாயின் 1990உம் விசாரணைக்கு வரலாம். அத்தகைய சட்டம் இயற்றப்பட்டிலது. 2006ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டமும், வலிந்து காணாமலாக்குதலைக் குற்றமாக்கிய 2018ஆம் ஆண்டின் சட்டமும் பிந்திய காலத்தன.

எனவே எஞ்சுவது பழைய தண்டனைச் சட்டக்கோவை; ஆங்கிலேயர் 1883இல் இயற்றித் தந்தது. கொலை, கடத்தல் முதலியன அதில் என்றும் குற்றங்களே. ஆயின் இங்கே காலம் என்னும் எதிரி குறுக்கிடுகின்றது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 456ஆம் பிரிவிலே, கொலைக்கும் இராசத்துரோகத்துக்கும் கால எல்லை இல்லை என்கின்றது. தனிச் சட்டத்தால் வேறுவிதி செய்யப்படாத ஏனைய குற்றங்களுக்கு இருபது ஆண்டு என்கின்றது. இதன் பொருளைக் கணக்கிட்டுப் பாருங்கள். வழிமறித்தது, கடத்தியது, அடைத்துவைத்தது, பொருளைப் பறித்தது என்னும் குற்றங்களெல்லாம், என் வாசிப்பின்படி, 2010ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு வழக்குத் தொடுக்கும் உரிமையை இழந்தன. 2014இல் நீதவான் கட்டளையிட்டபொழுதே அவை கைநழுவி நான்காண்டு சென்றிருந்தன. இன்று உயிரோடிருப்பது கொலைக் குற்றம் ஒன்றே.

கடத்தலுக்கு வாய்ச்சாட்சி போதும். இறக்கிக் கொண்டுபோனதைக் கண்டேன் என்று ஒருவர் சொன்னால் ஆகும். கொலைக்கோ மரணம் நிகழ்ந்தது என்பதை நிறுவுதல் வேண்டும். உடல் கிடையாமலும் சூழ்நிலைச் சான்றுகொண்டு கொலையை நிறுவலாம் என்பது சட்டம் அறிந்ததே. ஆயினும் முப்பது ஆண்டுக்கு மேற்சென்று, சாட்சிகள் முதுமையடைந்தும் மறைந்தும் போன பின்னர், எலும்பைக் காட்டிலும் உறுதியான வாய் வேறு எது? கொலை என்பது எஞ்சிய ஒரே குற்றம். அக்குற்றத்துக்கு எஞ்சிய தலையாய சான்று மணலின் கீழ். ஆகையால் மணலை அகழ்தல் சமயக்கடனும் நினைவுக்கடனும் மாத்திரமன்று. வழக்கின் உயிர்நிலையே அது.

வைகாசிச் சடங்குக் காலத்திலே எமது ஊர்களிற் கண்ணகி வழக்குரை படிக்கப்படும். செட்டிபாளையத்துக் கோயிலிலிருந்து இரவிலே அவ்வோசை காற்றில் வருவதைச் சிறுவயது முதற் கேட்டிருக்கின்றேன். பொற்கொல்லன் ஒருவன் சொல்லை நம்பி, விசாரணையின்றி ஒருவனைக் கொன்ற அரசனின் முன், கண்ணகி அழுதுகொண்டு மாத்திரம் நின்றாளில்லை. அரசியின் சிலம்பு முத்துடையது, தன் சிலம்பு மாணிக்கமுடையது என்று வேறுபாட்டை எடுத்துரைத்து, அவை நடுவே சிலம்பை உடைத்துக் காட்டினாள். மூடியிருந்த பொருளை உடைத்து உள்ளிருப்பதைக் காட்டியதே அவள் வழக்கு. இதனை ஆண்டுதோறும் கேட்டுத் தலையசைக்கும் ஊரார், ஊர்க் கடற்கரையில் மூடிக்கிடப்பதைத் திறந்து காட்டுங்கள் என்று பிறிதோர் ஊரின் பெண்கள் கேட்கும்பொழுது செவிடராவது எங்ஙனம்?

தோண்டுதல் என்றால் மண்வெட்டி எடுத்துத் தோண்டுதலன்று. நீதவானின் மேற்பார்வையிலே சட்டவைத்திய அதிகாரியும் தொல்லியலாளரும் மண்ணை விரற்கடை விரற்கடையாக நீக்கிச் செல்லுதல் வேண்டும். எந்த எலும்பு எந்தப் படையில், எந்தத் திசை நோக்கிக் கிடந்தது. அதனோடு கிடந்த பொத்தான் எது, பல் எது, நாணயம் எது, குண்டின் துண்டு எது என்பன வரைபடத்தில் ஏறுதல் வேண்டும். அவசரத்தில் அள்ளிய எலும்பு அடக்கம் செய்யத்தான் உதவும். நீதிமன்றத்தில் அது ஊமை. மன்னாரில் 2018இற் சதொச வளவிலே முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டமை நினைவிருக்கும். அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று கரிமக் காலக்கணிப்புச் செய்து, அனுப்பிய மாதிரிகள் 15ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரையுள்ள காலத்தன என்று 2019இல் அறிவித்தது. அவ்வறிக்கை ஓய்வைத் தரவில்லை. புதிய வாதங்களையே தந்தது. எமது கரையிலோ இன்னுமொரு சிக்கல் உண்டு. 2004 மார்கழியில் ஆழிப்பேரலை இந்த மணலையெல்லாம் புரட்டியது. இறந்தோரை இக்கரையோரத்திற் பல இடங்களில் அவசரமாகப் புதைக்கவும் நேர்ந்தது. அலையிற் பட்டவன் எலும்பு எது, அடிபட்டவன் எலும்பு எது என்பதைப் பிரித்தறியத் தேர்ந்த கண் வேண்டும்.

அத்தகைய கண் உலகில் இல்லாமலில்லை. ஆர்ஜென்டினாவில், இராணுவ ஆட்சியிற் காணாமற்போனவர்களின் எலும்பைத் தேடுவதற்கென்றே 1984இல் ஒரு மானிடவியற் குழு தோன்றிப் பின்னர்ப் பல நாடுகளிற் பணிசெய்தது. பொஸ்னியாவில் 1995ஆம் ஆண்டு ஜூலை மாதத்திற் சிரபிரனிக்கா என்னுமிடத்திற் கொல்லப்பட்டோர் ஏறத்தாழ 8,000 பேர். கொன்றவர் குற்றத்தை மறைக்க எண்ணி, புதைத்த உடல்களை இயந்திரத்தாற் கிளறி வேறு குழிகளுக்கு மாற்றினர். ஒருவன் எலும்பு இரண்டு மூன்று குழிகளிற் சிதறிற்று. அவ்வாறாகியும், தாய்மார் தந்தையர் தந்த இரத்தத் துளியோடு மரபணுவை ஒப்பிட்டு ஏழாயிரத்துக்கு அண்மையானோரைப் பெயர்சொல்லி அடையாளங் கண்டுவிட்டனர். எமது மணல் அவ்வளவு சிக்கலானதன்று. ஆனால் இரத்தம் தரவேண்டிய தாய்மார் காத்தான்குடியில் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கின்றனர்.

குற்றம் செய்தோர் யாவரும் இறந்துவிட்டனரே, 2009இல் அவ்வியக்கமே அழிந்துவிட்டதே, இனி யாரைத் தண்டிப்பது என்று நண்பர் ஒருவர் கேட்டார். தலைவர் இறந்திருக்கலாம், கட்டளையை நிறைவேற்றிய கை எல்லாம் இறந்துவிட்டது என்று எவர் துணிந்து சொல்ல இயலும்? கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை நடந்த கொடுமைக்காகச் சிறைச்சாலை அதிகாரி ஒருவன் 2010இலே தண்டனை பெற்றான். வங்காளதேசம் 1971ஆம் ஆண்டின் குற்றங்களை விசாரிக்க 2010இலே தீர்ப்பாயம் அமைத்தது. அதன் நடைமுறை பற்றிக் கடுங்கண்டனங்கள் உண்டு, அதனை முன்மாதிரியாகக் கூறவில்லை. காலம் நீண்டது என்பது மட்டும் கதவை அடைப்பதில்லை என்பதற்கே கூறினேன். தண்டனைக்கு ஒருவரும் அகப்படார் எனினும், மரணத்துக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். ஜனாஸாத் தொழுகைக்கு ஓர் உடல் வேண்டும். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. அகழ்வுக்கு நீதவானிடம் கட்டளை கேட்கவும், அகழ்வின்போது அவதானித்து நிற்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. எனினும் அதன் முடிவுகளால் எவருக்கும் குற்றவியற் பொறுப்போ குடியியற் பொறுப்போ உண்டாகாது என்று அச்சட்டமே சொல்லுகின்றது. குடும்பத்தாருக்கு விடையளிப்பது அதன் கடமை. குற்றவாளியைக் கூண்டிலேற்றும் பாதை பொலிஸார் வழியாகச் சட்டமா அதிபரின் மேசைக்குச் சென்று மேல் நீதிமன்றத்தை அடைவது. இந்நாட்டில் அம்மேசையிலே தங்கிவிடும் கோவைகள் எத்தனை என்பதைத் தமிழரும் அறிவர், முஸ்லிம்களும் அறிவர்.

அம்பிளாந்துறை ஓடத்தில் ஏறினால் அக்கரையிற் கொக்கட்டிச்சோலைப் பகுதி. 1991ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், கண்ணிவெடியில் இராணுவத்தினர் இறந்ததைத் தொடர்ந்து, மகிழடித்தீவிலும் அயலிலும் தமிழ்ச் சனங்கள் கொல்லப்பட்டனர். சனாதிபதி நியமித்த விசாரணைக்குழு 67 பேரின் இறப்பைக் கணக்கிட்டு, இது இருதரப்புத் துப்பாக்கிச் சமரில் நேர்ந்ததன்று, பழிவாங்கும் செயலே என்று கண்டது. அதன்மேல் இராணுவ நீதிமன்றம் கூடியது. கொலைக் குற்றத்துக்கு எவரும் தண்டனை பெற்றாரில்லை. படையை அடக்கத் தவறினார், உடல்களை முறைதவறி அகற்றினார் என்று கட்டளை அதிகாரி ஒருவர் பதவி நீக்கப்பட்டதோடு கதை முடிந்தது. இதனை அநீதி என்று நாம் முப்பது ஆண்டுக்கு மேலாகச் சொல்லிவருகின்றோம். சொல்லுவதற்கு நமக்கு முழு உரிமை உண்டு. வாவியின் அக்கரையில் நின்று அதனைச் சொல்லிவிட்டு, ஓடமேறி இக்கரைக்கு வந்ததும் வேறு பாடம் சொல்ல முடியுமா? ஒரே வாவி, ஒரே மூன்றாம் உறுப்புரை.

எமது தமிழாசிரியர் கூட்டத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறப்பாட்டை எடுத்து, ஆவுக்கும் பெண்டிருக்கும் பிணியாளருக்கும் முன்னறிவித்தல் கொடுத்த பின்னரே அம்பு தொடுத்தவர் எம் முன்னோர் என்று வகுப்பிலே நெஞ்சு நிமிர்த்திச் சொல்லுகின்றோம். ஜெனீவா தோன்றுதற்குப் பல நூற்றாண்டு முன்னரே தமிழனிடம் போர்ச்சட்டம் இருந்தது என்று மேடையிலே முழங்குகின்றோம். நானும் முழங்கியவன்தான். அவ்வாறு முழங்கிய பின்னர், குருக்கள்மடத்து வீதியில் அந்நாளில் யாருக்கு என்ன முன்னறிவித்தல் கொடுக்கப்பட்டது என்று ஒரு மாணவன் எழுந்து கேட்டால், நோட்டுப் புத்தகத்திலே விடையில்லை. தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தவர் என்னும் பழைய வாசகத்தை வேண்டுமானாற் சொல்லலாம். தாய்வழிக் குடிமுறை இருசாராருக்கும் உண்டு, பேச்சுமொழி ஒன்று, அது உண்மையே. ஆனால் அவ்வாசகத்தை இன்று விழாக்களில் மாத்திரமே கேட்கின்றோம்.

ஊரார் அஞ்சுவதை நான் அறியாமலில்லை. புதைகுழி திறந்தால் ஊரின்மீது பழி விழும், பிள்ளைகளின் தலையில் ஏறும் என்று முதியோர் கூறுவர். குற்றவியற் சட்டம் ஊரைக் கூண்டில் ஏற்றுவதில்லை, ஆளையே ஏற்றும். நூரம்பேர்க்கிற் கூறப்பட்ட மிகப் பெரிய செய்தியும் அதுவே. குற்றத்தைச் செய்தவர் இன்னார் என்று பெயர் வெளிப்படும்வரையிலேதான் பழி ஊர் முழுவதையும் தன் நிழலால் மூடும். பெயர் வெளிப்படாத முப்பது ஆண்டுக்கு மேலாக அந்நிழலில் இருந்து வருகின்றோம் நாங்கள். எனக்குக் காத்தான்குடியிலே பழைய மாணவர் உள்ளனர். ஊரின் பெயரை அவர்களிடம் சொல்லும்பொழுது எழுகின்ற ஒரு சிறு மௌனத்தை நான் அறிவேன்.

அச்சத்துக்கு வேறு காரணமும் உண்டு, அது நியாயமானது. சாட்சி சொல்லப் போனவன் பின்னர் எவ்வாறு ஊரில் வாழ்வான்? பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிக்க 2015இல் ஒரு சட்டமும், அதனை நீக்கி அதன் இடத்தில் 2023இல் 10ஆம் இலக்கச் சட்டமும் இயற்றப்பட்டன. ஏட்டிலுள்ள பாதுகாப்பு களுவாஞ்சிகுடி நீதிமன்ற வாயிலில் எவ்வளவு கிடைக்கும் என்பதை நடந்து பார்த்தே அறிதல் வேண்டும். தனியொருவன் போனால் அஞ்சுவான். கோயிற் பரிபாலனத்தார், பாடசாலை அதிபர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று பத்துப்பேர் சேர்ந்து போனால் அச்சம் பத்தாகப் பங்கிடப்படும். அந்நாளிலே கரையில் எந்த வழி எங்கே திரும்பிற்று, எந்தப் பனைக்கருகில் மண் புதிதாகக் கிடந்தது, அலை வந்த பின்னர்க் கரை எவ்வளவு உள்வாங்கியது என்று சொல்லத்தக்க முதியோர் சிலர் இருத்தல் கூடும். எனக்கு அத்தகைய அறிவில்லை. எழுதத் தெரியும். அவர் சொல்லச் சொல்ல நீதவானுக்குரிய கூற்றை எழுதிக் கொடுத்து, உடன் சென்று வாயிலில் நிற்க நான் ஒருப்படுகின்றேன் என்பதை இப்பத்திரிகை வாயிலாகவே அவர்களுக்குத் தெரிவிக்கின்றேன்.